மென்மைக்கும் அளவுகோல் உண்டோ?

சளி பிடித்த குழந்தையின் மூக்கைத் துடைப்பதற்கு டிஷூக் கடதாசி வாங்கக் கடைக்குச் செல்கிறோம். அங்கே இரண்டு வகை இருக்கின்றன. தாயார் ஒன்றை விரலால் தடவிப் பார்த்து, "இதுவே மென்மையானது" என்கிறார். மகளோ மற்றதைக் கைக்குள் கசக்கிப் பார்த்து, "இல்லை அம்மா, இதுதான்" என்கிறாள். இவ்வழக்கைத் தீர்த்து வைப்பவர் யார்? நீளத்துக்கு அடிமட்டம் உண்டு. பாரத்துக்குத் தராசு உண்டு. சூட்டுக்கு வெப்பமானி உண்டு. மென்மைக்கு என்ன உண்டு? அஃது அவரவர் அபிப்பிராயம் என்று விட்டுவிடலாமா?

கடதாசி ஆலையினர் அவ்வாறு விட்டுவிட இயலாது. ஊசியிலை மரங்களின் நீண்ட நார்கள் டிஷூவுக்கு உறுதியைக் கொடுக்கின்றன. யூக்கலிப்டஸ் மரத்தின் குறுகிய நார்கள் மென்மையைக் கொடுக்கின்றன. பெரியதொரு சூடான உருளையில் ஒட்டி உலரும் கடதாசியை ஒரு கத்தி சுரண்டி எடுக்கும்போது உண்டாகும் நுண்ணிய சுருக்கங்கள் அதனை நெகிழச் செய்கின்றன. ஆனால், மென்மையை மிகுவித்தால் பெரும்பாலும் உறுதி குறைந்து, தாள் கையிலேயே கிழிந்துவிடும். உறுதியை மிகுவித்தால், ஏற்கெனவே சிவந்துபோன மூக்கை அது மேலும் புண்ணாக்கும். இவ்விரண்டுக்கும் நடுவழி காண்பதற்கு அளவு வேண்டுமன்றோ?

முதற் கருவி மனிதனின் கையே. பயிற்சி பெற்ற சிலரிடம் மாதிரிகளைப் பெயர் கூறாது இரண்டிரண்டாகக் கொடுத்து, எது மென்மையானது எனக் கேட்பது இன்றும் உள்ள வழக்கம். கையைக் குறைவாக மதித்தலாகாது. வெறும் 13 நனோமீற்றர் அளவான மேடுபள்ளங்களையும் விரல் பிரித்தறியும் எனச் சுவீடன் விஞ்ஞானிகள் 2013ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். எனினும் கை களைப்படையும். ஆளுக்கு ஆள் தீர்ப்பு வேறுபடும். சென்ற ஆண்டு தொட்டதை இன்று தொட்டதோடு அது சரியாக ஒப்பிடவும் மாட்டாது.

இந்தச் சிக்கலை முதலில் எதிர்நோக்கியோருள் துணி ஆராய்ச்சியாளரும் அடங்குவர். இங்கிலாந்திலே பருத்தி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த பியர்ஸ் என்பார், துணியின் தொடுகைப் பண்பும் அளக்கத்தக்கதே என 1930ஆம் ஆண்டில் வாதிட்டார். துணித்துண்டொன்றை ஒரு விளிம்புக்கு அப்பால் நீட்டினால், தன் பாரத்தால் அது வளைந்து தொங்கும். குறித்த கோணத்துக்கு வளைய எவ்வளவு நீளம் வேண்டும் என அளந்தால், அதன் விறைப்பு எண்ணாக வந்துவிடும். பின்னர், 1970களில், யப்பானியப் பேராசிரியர் கவபாத்தா தேர்ந்த துணிப் பரிசோதகர்களின் தீர்ப்புகளைத் திரட்டினார். வளைவு, உராய்வு, அமுக்கம் முதலியவற்றைக் கருவிகளால் அளந்து, அவ்வெண்களைத் தீர்ப்புகளோடு கணித முறையில் இணைத்தார்.

டிஷூவுக்கென்றே ஜேர்மனியின் லைப்சிக் நகரில் உருவான கருவியோ மென்மையைச் செவியால் அறிகிறது எனலாம். இறுக்கிப் பிடித்த தாளின்மேல் சிறு தகடுகள் கொண்ட சுழலி ஒன்று மெல்ல அழுத்திச் சுழல்கிறது. அப்போது எழும் அதிர்வை உணரி பதிவு செய்து, மீடிறன் வாரியாகப் பிரிக்கிறது. செக்கனுக்கு 750 அதிர்வுகளை அண்டிய பகுதி சுருக்கங்களின் கரடுமுரட்டைக் கூறும். அது தாழ்ந்திருந்தால் மேற்பரப்பு ஒப்பமானது. செக்கனுக்கு 6500 அதிர்வுகளை அண்டிய பகுதி, நார்கள் தகடுகளைத் தடுத்து விடுவிப்பதால் எழுவது. அது தாழ்ந்திருந்தால் தாள் மென்மையானது. அடுத்து, தாளை 100, 600 மில்லிநியூற்றன் விசைகளால் அழுத்தி அதன் விறைப்பையும் அளக்கின்றனர். இம்மூன்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண் கணிக்கப்படுகிறது.

ஆயின், இம்மூன்றில் எதற்கு எவ்வளவு நிறை கொடுப்பது? இதனைக் கருவி தானாக அறியாது. பல கைகள் தொட்டுச் சொன்ன தீர்ப்புகளோடு ஒத்துவரும்படியே அக்கணக்கு அமைக்கப்படுகிறது. முகத்துக்கான டிஷூவுக்கு ஒரு கணக்கு. கை துடைக்கும் தாளுக்கு வேறொரு கணக்கு. கருவிக்கு ஆசான் கைதான். மறதியின்றியும் களைப்பின்றியும் ஒப்புவிக்கும் மாணவனே கருவி.

இப்போது தாயாரின் வழக்குக்கு வருவோம். தடவிய தாயார் அறிந்தது மேற்பரப்பின் ஒப்பத்தை. கசக்கிய மகள் அறிந்தது தாளின் நெகிழ்ச்சியை. இருவர் கூற்றும் மெய்யே. இருவரும் ஒரே சொல்லால் இரு பண்புகளைக் குறித்தனர். மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். இரு வகை டிஷூவிலும் ஒரே அளவான கீற்றுகளை வெட்டி, மேசை விளிம்பில் சம நீளத்துக்கு நீட்டி, எது அதிகம் தொங்குகிறது எனப் பாருங்கள். பின்னர் கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் காதருகே வைத்து விரலால் உரசிக் கேளுங்கள்.

"இதை அளக்க முடியாது" என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம், அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பண்புகள் ஒளிந்திருக்கின்றன என்று முதலில் கேட்போமாக. பிரித்தறிந்த பின்னரே அளவுகோலுக்கு வேலை உண்டு.