பழனிமலையில் ஒரு பள்ளிக்கூடம்

பங்குனி பிறந்துவிட்டால் ஜனங்கள் பழனியை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொடுமுடியில் காவேரித் தீர்த்தம் எடுத்து, காவடி கட்டி, குழந்தை குட்டிகளுடன் வெயிலையும் பொருட்படுத்தாமல் உத்திரத்துக்கு வந்து சேர்கிறார்கள். இது அடிவாரத்தில் நாம் காணும் காட்சி. அதே மலைத்தொடரின் மேல்மட்டத்தில் நடப்பதோ வேறு. வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் ரஸ்தாவில் மோட்டார் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்கின்றன. மேலே போய்ச் சேர்ந்தவர்கள் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள். பூங்காவில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாக்லெட் வாங்கிக்கொண்டு மறுநாள் இறங்கிவிடுகிறார்கள். மலைக்குப் போய் வந்தோம் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் மலையைப் பார்த்தார்களா என்றால், பெரும்பாலோர் பார்க்கவில்லை என்றே நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டிகளின் தொல்லை பொறுக்க முடியாத அளவுக்குப் போனபிறகு சென்னை ஹைக்கோர்ட் தலையிட்டது. 2024-ம் வருஷம் மே 7-ந் தேதி முதல் கோடைக்கானலுக்கும் உதகைக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025-ல் கோடைக்கானலுக்கு ஏப்ரல் முதல் ஜூன் முடிய வாரநாட்களில் 4,000 வண்டிகளும் வாரக் கடைசியில் 6,000 வண்டிகளும்தான் ஏறலாம் என்று கணக்கும் வைக்கப்பட்டது. கோர்ட்டார் செய்தது சரியே. அதைக் குறைகூற நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் எத்தனை பேர் வரலாம் என்பதைப் பற்றி இவ்வளவு விவாதம் நடந்திருக்க, வந்தவர்கள் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லையே என்பதுதான் நமது வருத்தம். கூட்டத்தைக் குறைப்பது பாதி வேலை. வந்த கூட்டத்துக்கு அறிவு புகட்டுவது மற்றப் பாதி. அந்த இரண்டாவது பாதி இன்னும் ஆரம்பமாகவில்லை.

கோடைக்கானல் ஒரு உல்லாச ஊர் மட்டுமல்ல. 2013-ல் அதைச் சுற்றியுள்ள 600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான காடும் புல்வெளியும் வனவிலங்கு சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தமிழ்நாட்டுச் சரணாலயங்களில் அது பெரியவற்றுள் ஒன்று. ஏரிக்கரையில் கடலை கொறித்துக்கொண்டு நிற்கும் நூறு பேரை நிறுத்தி, 'நீங்கள் ஒரு சரணாலயத்தின் வாசலில் நிற்கிறீர்கள், தெரியுமா?' என்று கேட்டால், எத்தனை பேர் தெரியும் என்பார்கள்? சட்டத்தில் இருப்பது ஜனங்கள் மனத்தில் இல்லாவிட்டால் அந்தச் சட்டத்துக்கு ஆயுள் குறைவு என்பது அரசியலில் ஈடுபட்ட நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜனங்கள் எதை இயற்கை என்று நினைத்து மகிழ்கிறார்கள் என்பதைச் சற்று யோசிப்போம். ஏரி இயற்கையானதல்ல, மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் ஓடையை மறித்துக் கட்டியது. பிரையன்ட் பூங்கா 1908-ல் அமைத்தது. எல்லோரும் ஓடி ஓடிப் படம் எடுக்கும் பைன் மரக்காடு, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள். யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட வாட்டில் மரமும் அங்கிருந்து வந்ததே. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் சமவெளியின் உஷ்ணத்துக்கும் காய்ச்சலுக்கும் பயந்து இங்கே பங்களா கட்டினார்கள். பிறகு வந்த துரைமார்களையும் துரைசானிகளையும் நம்மவர்கள் டோலியில் வைத்துத் தோளில் சுமந்து மேலேற்றினார்கள். அவர்கள் தங்கள் ஊரைப்போல் இந்த மலையை மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டதில் ஆச்சரியமில்லை. அவர்கள் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், அவர்கள் கண்ணாலேயே நாம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆச்சரியம்.

பழியெல்லாம் வெள்ளைக்காரர்மீது போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. மலையின் உண்மையான செல்வம் இரண்டு: பள்ளத்தாக்குகளில் அடர்ந்த சோலை, மேட்டில் பரந்த புல்வெளி. இந்தப் புல்வெளியை வெறும் தரிசு என்று கருதி மரம் நட்டது நமது சொந்த சர்க்காரின் காலத்திலும் மும்முரமாக நடந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனிமலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கண்டிருக்கிறார்கள். நாற்பது வருஷத்தில் இவ்வளவு பெரிய நஷ்டம்! கோயிலிலிருந்து ஒரு சிலை களவு போனால் ஊரே திரண்டு கேட்கிறது. இங்கே ஒரு மலையின் மேற்புறமே மாறிப்போயிற்று, கேட்க ஆளில்லை. காரணம், இழந்தது இன்னதென்று நமக்குத் தெரியாததுதான்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மழைநீரைப் புல்வெளி பிடித்துக்கொள்கிறது. சோலை அதை வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகிறது. மழை நின்று மாதங்கள் கழிந்த பின்னும் மலையில் நீர் கசிந்துகொண்டிருப்பது இதனால்தான். மலையின் தென்சரிவில் இறங்கும் நீர் மஞ்சளாறு முதலிய ஆறுகளாக வைகையைச் சேர்கிறது. வடசரிவில் இறங்குவது பொருந்தலாறு, சண்முகநதி என்று அமராவதிக்குப் போகிறது. ஆகவே மேலே ஒரு புல்வெளி அழிந்தால் கீழே வத்தலக்குண்டு, பெரியகுளம், பழனி விவசாயிக்குத் தெரியும். மதுரைக் குழாயடியில் குடத்துடன் நிற்கும் பெண்ணுக்கும் அதில் சம்பந்தம் உண்டு. இது பணக்காரர் பொழுதுபோக்கைப் பற்றிய விஷயமல்ல. குடியானவன் வயலைப் பற்றிய விஷயம்.

இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்தால் போதாது. மேடையில் பிரசங்கம் செய்தாலும் போதாது. வாட்டில் தோப்புக்குள் பத்து நிமிஷமும், பக்கத்தில் உள்ள சோலைக்குள் பத்து நிமிஷமும் ஒரு குழந்தையை நடத்திக்கொண்டு போனால் அது தானாகவே தெரிந்துகொள்ளும். வாட்டில் தோப்பில் ஒரே ஜாதி மரம் நெருங்கி நிற்கிறது. சோலையில் பாசி படர்ந்த நூறு வகை மரம், காலடியில் ஈரம், தலைக்கு மேலே மலையணில். மாசி பங்குனியில் சோலை மரங்கள் செந்தளிர் விட்டு நிற்பதையும், புல்வெளியில் காட்டுப்பூவரசு சிவக்கப் பூப்பதையும் ஒரு தரம் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். பழனிமலையின் பெயரையே தாங்கி, சிரிப்பதுபோல் குரல் கொடுக்கும் ஒரு சிறு பறவை அங்கே உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. சோலையின் இருட்டில் வாழும் இன்னொரு நீலக் குருவியின் இனத்துக்கு 2017-ல் விஞ்ஞானிகள் வைத்த சாஸ்திரப் பெயர் 'ஷோலிகோலா'. நமது 'சோலை' என்ற சொல்லே லத்தீன் உடை உடுத்து உலக சாஸ்திரத்தில் ஏறியிருக்கிறது. நம் குழந்தைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆகவே நமது யோசனை இதுதான். இளவேனிற் காலத்தில், குடும்பங்கள் கோடைக்கானலுக்கு வரும் நாட்களில், வன இலாகா தினந்தோறும் காலையில் சிறு நடைகளை ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு குழுவுக்குப் பதினைந்து பேருக்கு மேல் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பாட்டியும் பேரனும் சேர்ந்து நடக்கக்கூடிய பாதையாக இருக்க வேண்டும். விளக்கம் முழுவதும் தமிழில் இருக்க வேண்டும். திண்டுக்கல், தேனி, மதுரை ஜில்லாக்களின் சர்க்கார் பள்ளிக் குழந்தைகளுக்குக் கட்டணமே வாங்கக் கூடாது. சரணாலயத்தின் உள்ளே வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஓரத்திலுள்ள சோலைகளே போதும். பேரிஜம் ஏரிக்கு அநுமதிச் சீட்டு வாங்கிக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வண்டிகள் போகும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அப்படிப் போகிறவர்களை வண்டியிலிருந்து இறக்கி, கூட ஒரு வழிகாட்டியையும் அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

அந்த வழிகாட்டி யார்? இதில் நமக்குச் சிறிதும் சந்தேகமில்லை. பளியர் முதலிய மலைஜனங்களே அதற்கு உரியவர்கள். எந்தக் கிழங்கு எப்போது விளையும், எந்த மரத்தில் தேன் கட்டும், காட்டுமாடு எந்த வேளையில் எந்தத் தடத்தில் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பரம்பரையாக வந்த படிப்பு. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் காட்டில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் உரிமை காகிதத்தில் இருந்தால் போதுமா? அவர்களை மூட்டை தூக்கிகளாகவும் தோட்டக் கூலிகளாகவும் வைத்திருந்த நாம், உபாத்தியாயர்களாக ஏற்றுக்கொண்டு, உபாத்தியாயருக்குரிய சம்பளமும் மரியாதையும் கொடுக்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. மலைக்கு அப்பால் தேக்கடியில், ஒரு காலத்தில் காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றியிருக்கிறார்கள்.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. அவற்றை மறைக்க நாம் விரும்பவில்லை.

முதலாவது, தீ. 2018 மார்ச் மாதத்தில் தேனி ஜில்லாவிலுள்ள குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரத்தை மறந்துவிட்டு எவரும் இந்த விஷயத்தைப் பேசக் கூடாது. 2024 அக்டோபரில் சர்க்கார் நாற்பது பாதைகளில் மலையேற்றத் திட்டம் ஒன்றை ஆரம்பித்து, மலைஜன இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பழக்கியது. அடுத்த வருஷம் தீக்காலத்தில் அந்தப் பாதைகளை மூடியும் வைத்தது. அது விவேகம். நாம் கேட்பது உச்சிக்கு ஏறும் சாகசமல்ல. ரஸ்தாவுக்கு அருகில் உள்ள ஈரச் சோலையில் இரண்டு மணி நேர நடை. காய்ந்த புல்லில் தீ அபாயம் இருக்கும் வாரங்களில் அதையும் நிறுத்தட்டும். கோடை மழை பெய்தபின் சித்திரையில் மறுபடி தொடங்கட்டும். மேலும், காட்டில் பீடித் துண்டை எறிகிறவன் அங்கே எரியப்போவது இன்னதென்று அறியாதவன். அவனுக்கும் இந்த நடை ஒரு பாடமாக இருக்கும்.

இரண்டாவது, மிருகங்கள். காட்டுமாடுகள் கோடைக்கானல் கடைவீதி வரையில் வருகின்றன. அவற்றின் பக்கத்தில் போய் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அசட்டுத் துணிச்சலும் பெருகிவிட்டது. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் கூட வருவது அபாயத்தைக் குறைக்குமே தவிரக் கூட்டாது.

மூன்றாவது, பணம். சர்க்காரின் மலையேற்றத் திட்டத்தில் உள்ள கட்டணம், நான்கைந்து பேராக வரும் சாமானியக் குடும்பத்துக்குப் பாரமே. வருமானத்துக்காகக் காட்டைத் திறப்பதென்றால் திறக்காமலே இருக்கலாம். பள்ளிக்கூடம் நடத்தி லாபம் தேடுவது எந்த ராஜ்யத்துக்கும் அழகல்ல. சுற்றுலா வண்டிகளிடம் வசூலிக்கும் தொகையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1903-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பெலிக்கன் தீவைப் பறவைகளின் புகலிடமாக்கினார். அதிலிருந்து வளர்ந்த தேசியப் புகலிடங்களைப் பற்றி 1997-ல் செய்த சட்டத்தில், ஜனங்களுக்கு இயற்கையைக் காட்டுவதும் கற்பிப்பதும் அப்புகலிடங்களின் முக்கிய காரியங்களில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. குடும்பங்கள் சேர்ந்து நடப்பது அங்கே சாதாரண வழக்கம். அவர்களைப் பார்த்துத்தான் நாம் கற்க வேண்டும் என்பதில்லை. வேடந்தாங்கலில் கூழைக்கடாவையும் நாரையையும் சுடவிடாமல் காத்தவர்கள் படிப்பறியாத நமது கிராமத்தார்தான். சர்க்கார் சட்டம் அதற்குப் பின்னால் வந்தது. ஏரியில் தங்கும் பறவையால் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆகவே காத்தார்கள். கோடைக்கானல் மலையால் நமக்கு என்ன என்பது ஜனங்களுக்குத் தெரிந்தால் அதையும் அவர்களே காப்பார்கள்.

இந்த வேலையைச் சர்க்கார் தலையில் மட்டும் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட நாம் சொல்லவில்லை. பொதுவேலையில் ஈடுபட்டிருக்கும் நண்பர்கள் மாநாடு என்றும் ஊர்வலம் என்றும் வருஷம் முழுவதும் நடக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருஷத்தில் ஒருநாள் இந்த மலையிலும் நடக்கட்டும். ஆசிரியர்கள் முன்வரட்டும். 1985 முதல் பழனிமலைப் பாதுகாப்புக்காக உழைத்துவரும் சங்கம் ஒன்றும் கோடைக்கானலில் உண்டு. அத்தகையவர்களின் அநுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

காலமும் குறுகியதே. 2006-லும் 2018-லும் மலையில் பூத்த குறிஞ்சி இனி 2030-ல் பூக்க வேண்டும். அது பூக்க புல்வெளி வேண்டும். அப்போது லட்சக்கணக்கான ஜனங்கள் மலைக்கு வருவார்கள் என்பதில் சந்தேகமில்லை. தெரியாமல் வந்தால் பூவைப் பறித்துக்கொண்டும் புல்லை மிதித்துக்கொண்டும் போவார்கள். தெரிந்து வந்தால் பார்த்துவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். குறிஞ்சி என்று ஒரு திணைக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்தப் பூ வளரும் புல்வெளியைத் தரிசு என்று நினைக்கும் ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டோம். அடுத்த தலைமுறையாவது அப்படி வளராதிருக்க, வரும் இளவேனிலிலேயே முதல் குழு மலையில் நடக்கத் தொடங்க வேண்டும்.