நமது கதையை யார் எழுதுவது?



பாடசாலை விடுமுறையில் பார்த்ததையும் வாசித்ததையும் பற்றி நாலு வரி எழுதுவது நமது வழக்கம். இம்முறை கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் எர்துக்ருல். நமது ஊரில் இதைப் பார்க்காத வீடு குறைவு. 2014 முதல் 2019 வரை துருக்கியில் 5 பருவங்கள், 150 அத்தியாயங்கள் ஓடிய தொடர். விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். குறை சொல்ல மனம் வரவில்லை. ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து பார்க்கத் தேவையில்லாத தொடர். தொப்பி போட்டவன் வில்லனாக வராத கதையைப் பார்க்க நமக்கும் ஆசைதானே!

ஆனால் ஒன்று. நிஜமான எர்துக்ருலைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு. மகன் உஸ்மானின் நாணயமொன்றில் தகப்பன் பெயராக அவர் பெயர் இருக்கிறது. திரையில் நாம் பார்க்கும் பெரும்பகுதி கதாசிரியரின் கற்பனை. நமது பிள்ளைகளுக்கு துர்குத்தையும் பம்ஸியையும் தெரியும். சித்திலெப்பை யார் என்று தரம் 10 வகுப்பில் கேட்டோம், ஒரு கையும் உயரவில்லை. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர், 1885 இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை எழுதியவர். இலங்கையில் தமிழ் நாவல் தொடங்கியதே நம்மவர் ஒருவரின் பேனையில்தான்.

அடுத்தது சினிமா. 2013 இல் 'விஸ்வரூபம்' வந்தபோதும் கொதித்தோம், 2024 இல் 'அமரன்' வந்தபோதும் கொதித்தோம். கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பத்து நாள் பதிவு போட்டுவிட்டு அடுத்த படம் வரும்வரை ஓய்ந்து விடுகிறோம். நம்மைப் பற்றிப் பிறர் பிழையாகச் சொல்கிறார்கள் என்றால், சரியாகச் சொல்ல வேண்டியவர் யார்?

இந்தக் கேள்வியோடுதான் மூன்றாவதைக் கையில் எடுத்தோம். கர்நாடகத்தின் பானு முஷ்தாக் கன்னடத்தில் எழுதிய கதைகள். தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 'ஹார்ட் லேம்ப்' என்ற பெயரில் வந்து, 2025 இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. பன்னிரண்டு கதைகள். பள்ளிவாசல், முத்தவல்லி, சுன்னத்து வைபவம், மாமியார், மருமகள் என்று எல்லாம் நமது வீட்டுச் சங்கதிகள்.

தலைப்புக் கதையில் மெஹ்ருன் என்ற பெண் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வருகிறாள். கணவனுக்கு வேறு தொடர்பு. கூடப்பிறந்தவர்களோ மானம் போய்விடும் என்று அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். அன்றிரவு மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டு நிற்பவளைத் தடுப்பது அவளது மூத்த மகள்.

நமது கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், அதனால் இது நம்ம கதையில்லை என்று சொல்லித் தப்பலாம். ஆனால் "பொறுத்துப் போ மகள், ஊர் சிரிக்கும்" என்ற வார்த்தை இங்கேயும் அதேதான்.

இந்த இடத்தில் ஒரு விசயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் தமிழ்த்தினப் போட்டிக்குப் பயிற்சியாக ஒரு மாணவி கதை எழுதி வந்தாள். தாபரிப்புக் காசுக்காக உம்மா மாதாமாதம் காதி கோட்டுக்கு அலைகிறார். மகள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே மரத்தடியில் நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. வாசித்ததும் நெஞ்சு கனத்தது. ஆனால், "இது வேணாம் பிள்ள, வேற சமூகத்து நடுவர்மாரும் வருவாங்க" என்று சொல்லி சிவப்புப் பேனையால் கோடு போட்டோம். மரம் நடுவதைப் பற்றி எழுதச் சொன்னோம். எழுதினாள். வலய மட்டத்தில் இரண்டாமிடமும் வந்தாள். அதற்குப் பிறகு அவள் கதை எழுதியதே இல்லை.

2019 க்குப் பிறகு நம்மைச் சந்தேகமாகப் பார்க்கும் கண்கள் அதிகம். நமது குறையை நாமே எழுதினால் அதையே நமக்கெதிராகத் தூக்கிப் பிடிக்கமாட்டார்களா என்ற பயம் பொய்யான பயமல்ல. அந்தப் பயத்தில்தான் நாமும் கோடு போட்டோம். ஆனால் நாம் மூடி மறைத்ததால் யாருடைய வாயும் அடங்கவில்லை. அடங்கியது அந்தப் பிள்ளையின் வாய் மட்டும்தான்.

பானு முஷ்தாக்கையும் அவரது ஊரார் மாலை போட்டு வளர்க்கவில்லை. பெண்கள் பள்ளிவாசலில் தொழும் உரிமையைப் பேசியதற்காக 2000 ஆம் ஆண்டு அவரை ஒதுக்கி வைத்தார்கள். நமது ஏறாவூரைச் சேர்ந்த, 'உம்மத்' நாவலை எழுதிய ஸர்மிளா ஸெய்யித், 2012 இல் ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்காக மிரட்டப்பட்டு நாட்டை விட்டே போக நேர்ந்தது. அவர் கருத்தோடு உடன்படாமல் இருக்கலாம், அது வேறு. பதிலுக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்கலாமே!

எர்துக்ருலைப் பாருங்கள், தடையில்லை. படங்களில் நம்மை இழிவுபடுத்தினால் கண்டியுங்கள், அதுவும் வேண்டியதுதான். கூடவே வீட்டில் எழுதுகிற பிள்ளை இருந்தால் அதன் கொப்பியை ஒருதரம் வாங்கி வாசியுங்கள். எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.

அந்த மாணவி இப்போது ஏ.எல். படிக்கிறாள். பாடசாலை தொடங்கியதும் அவளைக் கூப்பிட்டு, "அந்தப் பழைய கதை இருக்கா பிள்ள?" என்று கேட்கப் போகிறோம். இல்லையென்றால் குற்றம் நமது.