தூக்கத்துக்கு ‘சி.பி.டி.’ எண்ணெய்: பிரான்ஸ் கடையில் கிடைப்பது புதுச்சேரியில் ஏன் சிக்கல்?

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஊர் புதுச்சேரி. பல வீடுகளில் அண்ணனோ அத்தையோ பிரான்ஸில் இருக்கிறார்கள். அங்கே கஞ்சாச் செடியின் பூவும் எண்ணெயும் ‘சி.பி.டி.’ என்ற பெயரில் கடைகளில் வெளிப்படையாக விற்பனையாகின்றன. “ராத்திரி நாலு சொட்டு போதும், அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வரும். லீவுக்கு வரும்போது ஒரு பாட்டில் எடுத்துட்டு வரட்டுமா?” என்று உறவினர் கேட்டால் என்ன சொல்வது?

வேண்டாம் என்று சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று உடம்பு, இன்னொன்று சட்டம்.

டி.எச்.சி., சி.பி.டி.: என்ன வித்தியாசம்?

கஞ்சாச் செடியில் உள்ள வேதிப்பொருட்களில் போதை தருவது டி.எச்.சி. சி.பி.டி. போதை தராது. நம் மூளையும் டி.எச்.சி. போலவே வேலை செய்யும் ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992ல் அதைக் கண்டறிந்த ஆய்வாளர்கள் ‘ஆனந்தம்’ என்ற சொல்லை வைத்தே அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள். பசி, வலி, மனநிலை, தூக்கம் எல்லாவற்றிலும் இந்த அமைப்புக்குப் பங்கு உண்டு. டி.எச்.சி. அதற்குள் புகுந்து வேலை செய்கிறது.

நிஜமாகவே தூக்கம் வருமா?

ஆரம்பத்தில் வரும். டி.எச்.சி. சீக்கிரம் தூங்க வைக்கும். ஆனால், கனவு வரும் கட்டமான ‘ரெம்’ தூக்கத்தைக் குறைத்துவிடும். தொடர்ந்து எடுத்தால் உடம்பு பழகிப்போய், அதே தூக்கத்துக்கு அதிக அளவு தேவைப்படும்.

நிறுத்தினால், முதல் மூன்று நாட்களுக்குள் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பயங்கரக் கனவுகள் தொடங்கும். முதல் வாரத்தில் இவை உச்சத்துக்குப் போகும். மற்றவை இரண்டு வாரத்தில் தணிந்தாலும், தூக்கக் கோளாறு ஒரு மாதத்துக்கு மேலும் நீடிக்கலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். “பாத்தியா, இது இல்லாம தூக்கமே வரல” என்று மறுபடியும் எடுக்கிறார்கள். அப்போது தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கஞ்சாவை நிறுத்தியதன் விளைவுதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ல் வெளியிட்ட நோய்க் கையேட்டில் இது தனிக் கோளாறாகவே இடம்பெற்றுள்ளது.

மனநல ஆபத்தும் உண்டு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த ஓர் ஆய்வு 2019ல் வெளியானது. டி.எச்.சி. அதிகமுள்ள கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு, அதைத் தொடாதவர்களைவிட மனச்சிதைவு வகை நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றது அது.

சி.பி.டி. மட்டும் என்றால்?

தூக்கத்துக்கு அது உதவும் என்பதற்கான ஆதாரம் இன்னும் பலமாக இல்லை. அமெரிக்காவில் 72 பேரைக் கவனித்து 2019ல் வெளியான ஆய்வில், முதல் மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தூக்கம் மேம்பட்டது. ஆனால் அந்தப் பலன் பிறகு ஏறி இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து தராத குழுவும் அதில் இல்லை.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஆன்லைனில் வாங்கிய 84 சி.பி.டி. பொருட்களை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2017ல் முடிவை வெளியிட்டார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 பொருட்களில் டி.எச்.சி.யும் இருந்தது. தவிர, அதிக அளவு சி.பி.டி. கல்லீரலைப் பாதிக்கலாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

பிரான்ஸில் 0.3 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. இல்லாத பூவை விற்கலாம். அதற்கு இருந்த தடையை அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2022 டிசம்பரில் ரத்து செய்தது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இப்படிச் சதவீதம் பார்ப்பதில்லை. செடியின் பூத்த, காய்த்த நுனிப்பகுதி எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் கஞ்சாதான். பில் இருந்தாலும், கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தாலும் இதேதான். 1 கிலோ வரையிலான ‘சிறிய அளவு’க்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பூ சேராத இலையும் விதையும் இந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் ஆயுஷ் உரிமத்தோடு ‘விஜயா’ என்ற பெயரில் இலைச்சாறு மருந்துகள் விற்பனையாகின்றன. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் அவற்றை எடுக்கக் கூடாது. 2021ல் உணவாக அனுமதிக்கப்பட்ட ‘ஹெம்ப்’ விதை எண்ணெய் வேறு பொருள். அதில் சி.பி.டி. பெயருக்குத்தான் இருக்கும்.

அப்போ தூக்கம் வராதவர்கள் என்ன செய்வது?

வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். இதற்கு முதல் சிகிச்சையே மாத்திரை கிடையாது, தூக்கத்துக்கான நடத்தைப் பயிற்சிதான். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, படுக்கையைத் தூங்க மட்டும் பயன்படுத்துவது, தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்துவிடுவது போன்றவை அதில் அடங்கும். சத்தமான குறட்டை உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கலாம். அதற்குக் கஞ்சா மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2018லேயே சொல்லிவிட்டது.

ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் போலீஸுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கஞ்சாப் பயன்பாடு, சிறிய அளவு வைத்திருத்தல் போன்ற வழக்குகளில் சிக்கிய அடிமைப்பட்டவர், அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால், வழக்கிலிருந்து பாதுகாப்பு பெற அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழி தருகிறது. கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்களில் இலவசமாகப் பேசலாம்.