வீட்டிலிருந்து வேலை: வாசலில் நிற்பவருக்கு யார் பதில் சொல்வது?

2022ஆம் ஆண்டு யூன் மாதம் எரிபொருள் இன்றி நாடு தவித்தபோது, அரசாங்க உத்தியோகத்தர் பலர் 20ஆம் திகதி முதல் இரண்டு கிழமைகளுக்கு வீட்டிலிருந்தே கடமை செய்யுமாறு கேட்கப்பட்டனர். 2020 மார்ச்சில் கொரோனாக் காலத்திலும் இவ்வாறே நடந்தது. அந்நாட்களில் காணிப் பத்திர அலுவலாகத் தலைமன்னாரிலிருந்து 25 கிலோமீற்றருக்கு மேல் பயணஞ் செய்து ஒரு கந்தோருக்குப் போன தாய் ஒருவரை நாம் அறிவோம். கதவு திறந்திருந்தது. கோப்பைப் பார்க்கும் உத்தியோகத்தர் இல்லை. அடுத்து எப்போது வருவார் என்று சொல்லவும் ஆளில்லை.

நெருக்கடி தணிந்த பின்பும் பல நிறுவனங்கள் இம்முறையைக் கைவிடவில்லை. இதனால் நன்மை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். சீனாவின் ஷாங்காய் நகரில் சிட்ரிப் என்னும் பயண நிறுவனம் 2010ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஒன்பது மாதங்கள் இதைச் சோதித்துப் பார்த்தது. தொலைபேசியில் பதில் சொல்லும் ஊழியரில் ஒரு பகுதியினர் கிழமைக்கு நான்கு நாட்கள் வீட்டிலும் ஒரு நாள் அலுவலகத்திலும் வேலை செய்தனர். அவர்களது வேலை 13 வீதம் கூடியது. வேலையை விட்டு விலகுவோர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தனர். நிறுவனத்துக்கு இடச் செலவும் மிச்சமானது. ஆனால் வேலையின் தரத்துக்கேற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தனிமை தாளாமல் பலர் பின்னர் அலுவலகத்துக்கே திரும்பினர்.

அச்சோதனையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது: வீட்டில் வேலைக்கென ஒரு தனி அறை வேண்டும். தகரக் கொட்டிலில் ஆறு பேராக வாழ்ந்த எமது வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய முதலில் வீடு வேண்டும்.

தூரத்தில் இருப்பதன் நட்டத்தையும் நீங்கள் அறிவீர்கள். 1990இல் வெளியேற்றப்பட்ட முசலி மக்களும் 2007இல் இடம்பெயர்ந்த முள்ளிக்குளம் மக்களும் தங்கள் வயல்களைத் தூரத்திலிருந்து நினைக்க முடிந்ததே தவிர, காக்க முடியவில்லை. அறிக்கை எழுதுவதையும் கணக்குப் பார்ப்பதையும் வீட்டில் செய்யலாம். காணி எல்லை பார்ப்பதும், குளத்து நீரைப் பங்கிடுவதும், விதவையொருவரின் முறைப்பாட்டைக் கேட்பதும் நேரில் செய்யவேண்டியவை. எம்மைப் போன்ற தொண்டு நிறுவனங்களும் திரையில் கூட்டம் நடத்தப் பழகிவிட்டன. எரிபொருள் செலவு குறைந்தது உண்மை. கிராமத்தில் நாம் கால் வைக்கும் நாட்களும் குறைந்தன. இக்குற்றச்சாட்டை எமக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

எனினும் கணினி கற்ற எமது பிள்ளைகள், கொழும்பில் அறை வாடகைக்கே சம்பளத்தைக் கொடுக்காமல், பெற்றோருடன் இருந்து உழைக்க இது ஒரு வழி. அதை இழந்துவிடக் கூடாது.

ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் மூன்று காரியங்களைக் கேட்கவேண்டும். ஒன்று, ஒவ்வொரு கந்தோரிலும் வேலை நாள் முழுவதும் பதில் சொல்லக்கூடிய ஒருவர் இருத்தல். இரண்டு, எந்த உத்தியோகத்தர் எந்த நாளில் இருப்பார், எந்த எண்ணில் பேசலாம் என்பதைக் கிராமத்திலேயே தமிழில் ஒட்டுதல். மூன்று, சனசமூக நிலையத்தில் மின்சாரமும் இணைய வசதியும் உள்ள ஓர் அறையை இளையோருக்கு ஒதுக்குதல்.

ஊழியருக்குக் கிடைக்கும் வசதியை நாம் எதிர்க்கவில்லை. அதற்கான செலவை பஸ் காசு கடன் வாங்கி வருபவர் தலையில் சுமத்தக் கூடாது என்றே கேட்கிறோம்.