ஃபயர்வாலை அணைக்காதீர்கள்



விடுமுறையில் பேரப்பிள்ளைகள் ஒரே வைஃபையில் மைன்கிராஃப்ட் ஆடுகிறார்கள். ஒருவன் 'ஓப்பன் டு லேன்' கொடுத்தும் அடுத்தவன் திரையில் அது தெரியாது. உடனே வீட்டில் ஒரு நிபுணர், "ஃபயர்வாலை ஆஃப் பண்ணு" என்பார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஆட்டம் முடிந்ததும் அதைத் திரும்ப ஆன் செய்தவரை நான் பார்த்ததில்லை. அப்பா வங்கி வேலை பார்ப்பதும் அதே கணினியில்தான்!

பட்டியலில் தெரியாததால் சர்வரே இல்லை என்று ஆகிவிடாது. ஜாவா பதிப்பில், வருகைப்பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்வதுபோல, சர்வர் 4445 என்ற யுடிபி போர்ட்டுக்கு அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் மட்டும் கேட்காமல் போகலாம். 'டைரக்ட் கனெக்‌ஷனில்' அந்தக் கணினியின் ஐபி முகவரியையும், சாட்டில் வரும் போர்ட் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். பல நேரம் இதுவே போதும்.

இல்லையென்றால், ஒருவன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறானா பாருங்கள். அதில் பெரும்பாலும் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாது. அதுவும் இல்லையா? விண்டோஸில் வீட்டு வைஃபையை 'பிரைவேட்' என்று மாற்றி, ஃபயர்வாலில் ஜாவாவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ரயில் நிலைய வைஃபை 'பப்ளிக்' ஆகவே இருக்கட்டும்.