மலிவு ரூட்டும் எங்க வீட்டு மிஸ்டு காலும்

டிஸ்கி: நான் பி.காம். மாணவன். டெக்னிக்கல் ஆசாமிகள் அடிக்க வராதீர்கள், கணக்கு மட்டும்தான் பேசப் போகிறேன்.

தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று துபாயிலிருந்து சித்தப்பா 11 முறை போன் அடித்தார். குமராட்சியில் சித்தி ஒன்றைக்கூட எடுக்கவில்லை. வந்ததெல்லாம் முன்பின் தெரியாத இந்திய நம்பர்கள். மோசடிக்காரன் என்று நினைத்துவிட்டார். வாட்ஸ்அப்பில் பேசலாமே என்பீர்கள். அமீரகத்தில் அந்தப் பேச்சுக்குத் தடை!

சரி, விஷயத்துக்கு வருவோம். இணைய அழைப்பு விற்கும் கம்பெனி ஒரே கேரியரை நம்பி இருக்காது. நாலைந்து பேரிடம் நிமிடங்களை வாங்கி, இவனுக்கு 60 சதவீதம், அவனுக்கு 40 என்று அழைப்புகளைப் பங்கு பிரிக்கும். ஒரு வழி அடைத்தால் அடுத்தது. நல்ல ஏற்பாடுதான்.

தப்பு, விலையை மட்டுமே வைத்துப் பிரிப்பதில்தான். வெளிநாட்டு அழைப்பை இங்கே கொண்டுசேர்க்க 2020 மே 1 முதல் டிராய் வைத்த கட்டணம் நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா. உள்நாட்டு அழைப்புக்கோ 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். இந்த இடைவெளியில்தான் சிம் பாக்ஸ்காரன் கடை விரிக்கிறான். இணையத்தில் வரும் அழைப்பை இங்குள்ள சிம் கார்டு வழியாக லோக்கல் காலாக மாற்றிவிடுகிறான். சட்டவிரோதம். ஆனால் ரேட் லிஸ்டில் அவன்தான் முதலிடம்!

"விலை குறைந்தால் கூலிக்காரனுக்குத்தானே லாபம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நல்ல ரூட் நிமிடம் 1 ரூபாய், மட்டமான ரூட் 80 பைசா என்று வையுங்கள். மட்டமானதில் 10 நிமிடத்துக்கு 8 ரூபாய். அதில் 4 நிமிடம் "ஹலோ... ஹலோ..." என்றே போனால், பேசிய நிமிடம் 1 ரூபாய் 33 பைசா. எடுக்கும் முன்பே மீட்டர் ஓடுகிற ரூட்டுகளும் உண்டு. எது மலிவு?

பங்கு பிரிப்பவர்கள் பார்க்க வேண்டியது மூன்று. அடித்ததில் எத்தனை எடுக்கப்பட்டது? சராசரியாக எத்தனை நிமிடம் பேசினார்கள்? அழைத்தவரின் நம்பர் அப்படியே வந்ததா? இதில் தேறாத ரூட்டுக்கு, எவ்வளவு மலிவானாலும், பங்கு பூஜ்யம் என்று வையுங்கள்.

கம்பெனி மிச்சம் பிடித்தது சில பைசா. சித்தப்பா தாத்தாவிடம் பேசியது மூன்று நாள் கழித்து.