படிகளை விழுங்கும் சாலை

என் வாப்பா வீடு கட்டிய காலத்தில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற நான்கு படிகள் இருந்தன. மதரஸாவுக்கு ஓதச் செல்லும் சிறுவனாக அந்தப் படிகளில் குதித்து இறங்கி, அதற்காக அவரிடம் அடியும் வாங்கியிருக்கின்றேன். இன்று எஞ்சியிருப்பது ஒரே படி. மற்ற மூன்றையும் எவரும் இடிக்கவில்லை. ஒவ்வொரு முறை புதிய சாலை போடப்பட்டபோதும் ஒன்றின் மீது ஒன்றாகத் தாரும் ஜல்லியும் ஏறி, அவற்றைச் சிறிது சிறிதாக விழுங்கிவிட்டன.

ஒவ்வொரு முறையும் நாம் மகிழ்ந்தோம் என்பதுதான் வேடிக்கை. கடைசியாகத் தார் லாரி எங்கள் தெருவுக்குள் நுழைந்த நாளில் வேலையாட்களுக்குத் தேநீர் கொடுத்து உபசரித்தவர்களில் நானும் ஒருவன். அவ்வாண்டு ஐப்பசி மழையில், எங்கள் வீட்டுக்கு எதிரே தாழ்வாக இருந்த ஓட்டு வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. மழைநீர் மட்டுமன்று, சாக்கடை நீரும் கலந்து வந்தது. அங்கே தனியே வாழும் மூதாட்டி குர்ஆன் ஷரீபையும் அரிசி டின்னையும் பரணில் ஏற்றி வைத்துவிட்டுக் கட்டிலின் மேல் அமர்ந்திருந்தார். மோட்டார் வைத்து நீரை இறைத்த இளைஞர்களுடன் நான் சென்றபோது, “சாலையை நன்றாகத்தானே போட்டார்கள் தம்பி, தண்ணீர் ஏன் என் வீட்டுக்கு வருகிறது?” என்று கேட்டார். பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கு அதற்கு விடை தெரியவில்லை.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது பொறியாளராக இருக்கின்றார். அவரிடம்தான் பாடம் கேட்டேன். தார்ச் சாலையின் மேற்பரப்பு, போடப்படும் வகைக்கேற்ப, 20 மில்லி மீட்டர் முதல் 50 மில்லி மீட்டர் வரை கனமுடையது. அதற்கு அடியில் புதிதாக ஜல்லியும் பரப்பினால் உயரம் இன்னும் கூடும். பழைய பரப்பை அப்படியே விட்டு அதன் மேல் போட்டுக்கொண்டே போனால், சில முறைகளிலேயே ஒரு படி மறைந்துவிடும். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கின்றது. சாலை உயர உயர, வீடு பள்ளமாகின்றது.

இதற்குரிய மருந்து புதிதன்று. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே உயரத்துக்குப் புதியதைப் போட வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் ‘மில்லிங்’ என்று சொல்வது இதைத்தான். 2021ஆம் ஆண்டு மே மாதம், அப்போதைய தமிழகத் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள், பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே சாலையை மீண்டும் போட வேண்டும், சாலை மட்டம் உயர்ந்து வீடுகளுக்குள் நீர் புக இடம் தரக் கூடாது என்று அறிவுறுத்தினார்கள். அந்த அறிவுரை வந்தது நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவர்களிடம், “சந்து குறுகலானது, இயந்திரம் உள்ளே வராது” என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பெரிய இயந்திரம் வராத சந்தில் கடப்பாரையும் சிறிய உடைக்கும் கருவியும் வரும். சிமெண்ட் சாலைக்கும் கல் பதிக்கும் தெருவுக்கும்கூட இதே விதிதான்: முதலில் தோண்டி எடுத்துவிட்டுப் பிறகே போட வேண்டும்.

வேலை நடக்கும்போது வாசலில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. பெண்கள் சாளரத்தருகே இருந்தும் இவற்றைப் பார்க்கலாம். பழைய பரப்பில் தூசி இல்லாமல் பெருக்குகின்றார்களா? பெருக்கிய பின், புதிய கலவை ஒட்டிக்கொள்வதற்காக மெல்லிய தார்க் குழம்பைத் தெளிக்கின்றார்களா? இவ்விரண்டையும் விட்டால் சாலை அப்பளம் போலப் பெயர்ந்து வரும். வழக்கமான தார்க் கலவை ஆலையில் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு மேல் தயாராகின்றது. அது 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் உருளை ஓட்டி அழுத்தி முடித்துவிட வேண்டும். தொலைவிலிருந்து வந்து, தேநீர்க் கடை ஓரத்தில் நின்று, ஆவி அடங்கிய பிறகு கொட்டப்படும் கலவையின் மீது எத்தனை முறை உருளை ஓட்டினாலும் அது இறுகாது. மழை பெய்யும்போதோ, நீர் தேங்கிய இடத்திலோ தார் போடுவது பணத்தை நீரில் கொட்டுவதற்கு ஒப்பாகும். நீர்தான் தாருக்கு முதல் பகை. அது கல்லிலிருந்து தாரைப் பிரித்துவிடுகின்றது. சிமெண்ட் சாலைக்கோ நீர் நண்பன். போட்ட பிறகு குறைந்தது 14 நாட்கள் பாத்தி கட்டி நீர் தேக்க வேண்டும். அந்நாட்களில் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளை அதன் மேல் ஏற்றிவிடுகின்றார்கள், பிறகு வெடிப்பு விழுந்ததென்று நாமே குறை கூறுகின்றோம்.

இன்னொன்று, சாலையின் நடு உயர்ந்து இரு ஓரங்களும் சரிந்திருக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரு மீட்டருக்கு இரண்டு முதல் இரண்டரை சென்டி மீட்டர் சரிவு தார்ச் சாலைக்குப் போதும். ஆனால், சரிந்து வரும் நீர் போய்ச் சேர வடிகால் வேண்டுமல்லவா? அந்த வடிகாலின் மேல் சிமெண்ட் சரிவு கட்டி வண்டி ஏற்றுபவர்கள் யார்? சமையலறைக் குழாயைத் தெருவில் விட்டிருப்பவர்கள் யார்? திருமணப் பந்தலுக்காகப் புதுச் சாலையில் குழி தோண்டிக் கால் நட்டு, மறுநாள் குழியை மூடாமல் போவது யார்? தண்ணீர் இணைப்புக்காகச் சாலையை வெட்டினால், படிப்படியாக மண் இட்டு இடித்து, மேலே தாரும் போட்டு மூட வேண்டும். நாமோ மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துவிட்டு வந்துவிடுகின்றோம். பாதையிலிருந்து தீங்கு தருவதை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கின்றார்கள். அந்த ஹதீஸை ஓதிக்கொடுக்கும் என் வீட்டுக் குழாயும் பல காலம் தெருவைப் பார்த்தே இருந்தது. மூதாட்டியின் வீட்டு நீரை இறைத்த பிறகுதான் அதைத் திருப்பினேன்.

எவரிடம் கேட்பது என்பதிலும் நாம் தடுமாறுகின்றோம். தெருச் சாலை பேரூராட்சி அல்லது நகராட்சியுடையதாக இருக்கும். அதே தெரு சென்று சேரும் கடைவீதிச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். கிராமத்தில் ஊராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் உண்டு. மாற்றி எழுதிய மனு அலுவலகம் விட்டு அலுவலகம் அலைந்து, அடுத்த மழைக்குத்தான் திரும்பி வரும். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலையானால், ஐந்து ஆண்டுகள் அதைப் பராமரிப்பது ஒப்பந்தக்காரரின் கடமை. கிராம சபையோ தமிழகத்தில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டியது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே சென்று, “சுரண்டிப் போட வேண்டும்” என்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லும் உரிமை வாக்காளர் பட்டியலில் பெயருள்ள பெண்களுக்கும் உண்டு. வீட்டுக்குள் நீர் வந்தால் வாரித் துடைப்பவர்கள் அவர்களே.

2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தைப் பலர் காகிதம் கேட்கும் சட்டமாக மட்டுமே அறிவர். அரசுப் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தப்பட்ட பொருளின் மாதிரியைச் சான்றொப்பத்துடன் பெறவும் அது உரிமை தருகின்றது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் போதும். மதிப்பீட்டின் நகல், தாரின் கனம், பழைய பரப்பைச் சுரண்டுவதற்குத் தொகை ஒதுக்கப்பட்டுள்ளதா, பழுதானால் ஒப்பந்தக்காரர் எத்தனை காலம் பொறுப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சுரண்டுவதற்கு ஒதுக்கிய தொகை மதிப்பீட்டில் இருந்து, தெருவில் சுரண்டல் நடக்கவில்லையென்றால், அது வேறு வகைச் சுரண்டல் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் தார் லாரி வருவதற்கு முன்பே கேட்டாக வேண்டும். போட்ட சாலையைப் பெயர்த்தெடுக்கச் சொன்னால் எவரும் செவி சாய்ப்பதில்லை.

எங்கள் தெருவுக்கு மீண்டும் சாலை வரப்போவதாகச் சொல்லுகின்றார்கள். சென்ற வாரம் அஸருக்குப் பின் மாணவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை நாடாவால் அளந்து நோட்டில் எழுதினேன். எங்கள் வீட்டுக்குப் பதினாறு சென்டி மீட்டர். எதிர் வீட்டு மூதாட்டியின் வாசலில் நாடாவைக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய நிலைப்படி சாலைக்குக் கீழே ஒன்பது சென்டி மீட்டரில் இருக்கின்றது. நோட்டில் தெருக்காரர்கள் அனைவரும் கையொப்பமிட்டிருக்கின்றார்கள். முதல் கையொப்பம் அவருடையது.